நீங்கள் நிறுத்திய இடத்தில்

அன்பு மாறாத ராசையா அண்ணனுக்கு,

எழுத்தெல்லாம் கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காவல் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து எழுதுகிறேன். ஆமாம் அண்ணே, நானேதான்! நம் கேம்பு அடுப்படியில் கரண்டியை வைத்துவிட்டு வந்து எனக்காகக் கடிதம் எழுதித் தருவீர்களே, இப்போது உங்களுக்கே எழுதுகிறேன். என் மகள் சரோஜா சொல்லிக் கொடுத்தாள். இதைப் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டீர்களே, நியாயமா?

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இங்கே புஜைரா துறைமுகத்தில் படகு வேலை செய்யும் சுனிலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. சிங்களப் பையன். ஊரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் பேசிய பாஷைதான் அவனுக்கும். அவன் வைக்கவில்லை, தெரியும். மனசு கேட்டால்தானே? ரூமில் வேறு, "சம்பந்தியோட எந்தப் பாஷையில சண்ட போடுவீங்க மாமா?" என்று குத்துகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை இருவரும் கேம்புக்கு வந்தார்கள். அவள் வேலை செய்யும் வீட்டார் மறுநாள் சவூதிக்கு, ஜுபைலுக்குக் குடிபோவதாக இருந்தது. "இன்னைக்கே பதில் சொல்லுங்கப்பா. வேணாம்னா நானும் அவங்களோட போயிடுறேன். அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க" என்றாள். தாயில்லாப் பிள்ளை. என் ஒரு சொல்லுக்குத்தான் நின்றாள்.

எனக்கு உங்கள் வீடியோ கேசட்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பேசாத பழைய அமெரிக்கப் படம். சீன வியாபாரியைக் கட்டிக்கொண்ட வெள்ளைக்காரி, கதவைச் சாத்தும் இரண்டு பக்கத்துச் சனம். நடுநடுவே வரும் இங்கிலீஷை நீங்கள் தமிழில் சொல்ல, ரூமே மூச்சடக்கிக் கேட்கும். அவளை அப்பன் கப்பலேற்றிக் கொண்டுபோக, புயலில் சின்னப் படகில் ஏறிப் புருஷன் பின்னால் போவானே, அங்கே எழுந்து, முடிந்தது என்று அரபியில் கத்தி நிறுத்திவிடுவீர்கள். "கலாஸ்! பிடிச்சிட்டான். வீட்டை கூட்டிக்கொண்டு போறான். எழும்புங்கோ, சோறு ஆறுது!"

அதைப் போட்டால் எனக்கும் தைரியம் வரும் என்று நினைத்தேன். உங்களைப் போலவே கதை சொன்னேன். படகு வந்தது. "பாருங்க, இப்பப் பிடிச்சிடுவான்" என்றேன்.

நிறுத்த நீங்கள் இல்லை. படம் ஓடியது. அலை படகைக் கவிழ்த்தது. விடிந்ததும் கரையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். கப்பல் திரும்பவே இல்லை.

"இதுதான் ராசையா பெரியப்பா சொன்ன கதையா?" என்று சரோஜா கேட்டாள். முகம் வெளுத்திருந்தது. கை தோள்பையை எடுத்தது. ஏன் அண்ணே மறைத்தீர்கள்? வீட்டை விட்டு வந்து கிடந்த நாங்கள் தாங்கமாட்டோம் என்றா?

சுனில்தான் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"மாமா, எனக்கு நல்லா நீந்த ஏலும்."

சிரித்துவிட்டேன். கண்ணிலும் நீர் வந்துவிட்டது. கேசட்டைப் பின்னால் ஓட்டி, படத்துப் புருஷன் படகில் ஏறும் இடத்தில் நிறுத்தினேன்.

"கலாஸ்! பிடிச்சிட்டான். எழும்புங்க பிள்ளைங்களா, சோறு ஆறுது."

சரோஜா பையைக் கீழே வைத்தாள்.

இந்த வெள்ளி கல்யாணம். உங்களுக்கும் ஒரு தட்டு வைப்பேன். யார் வந்து சாப்பிட்டார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் அடுத்த வாரம் என் கையாலேயே எழுதிச் சொல்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
முத்தையா