உப்பில்லாத ஆவக்காய்

பாலகொல்லு
மிருகசிரம் பிறந்த மறுநாள்

அன்பு மகள் ஸ்ரவந்திக்கு, அம்மா மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தினமும் பின்தெருவிலிருந்து வந்து என் சமையலில் குறை கண்டுபிடித்துவிட்டுப் போகும் உன் பெரியம்மா, எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சொல்கிறாய். அது நிஜமாக இருக்கவேண்டும் என்று க்ஷீரராமலிங்கேஸ்வர சுவாமி கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நீ சிரிப்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறாய். எடுத்ததும் நல்லா இருக்கேம்மா என்கிறாய், மூச்சு விடாமல் நாலு சமாசாரம் சொல்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் மெஸ்ஸில் மணி அடிச்சாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் மணி அடிக்காது, அதனால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன், நீயும் நடுவில் எழுந்து போகாமல் படி.

இந்த வருஷம் வெயில் எங்களை வறுத்து எடுத்துவிட்டது. பெரியம்மாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, விசிறிக்கட்டையால் சொறிந்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறாள். நேற்று மிருகசிரம் பிறந்தது, மழைக்காலத்து முதல் நாள் மீன் தின்றே ஆகவேண்டும் என்று அப்பா விடியற்காலையிலேயே பையும் குடையும் எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். கல்யாண வீட்டுக் கூட்டமாம், விரால் மீனுக்கு அடிதடியாம், எப்படியோ ஒரு நல்ல மீனாகக் கொண்டுவந்து சேர்த்தார். குடை மட்டும் விரிக்காமலே திரும்பி வந்தது. சாயங்காலம் மேகம் கூடிக் கொஞ்சம் தூறிற்று, மண் வாசனை வந்தது, அப்பா வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பாப்பா ஊரில் மழை வந்திருக்குமா என்று கேட்டார். மீன் குழம்பில் வால் துண்டை யாரும் தொடவில்லை. அது உன் துண்டு என்று இருவருக்கும் தெரியும்.

ஜபல்பூரில் உன் நாள் எப்படிப் போகிறது என்று நீ சொல்வதை நான் எத்தனை ஆசையாகக் கேட்பேன் தெரியுமா. காலேஜ் வாசலில் மண் குவளையில் டீ குடிப்பீர்கள், குடித்ததும் குவளையைத் தரையில் போட்டு உடைப்பீர்கள், யாருடையது அதிகத் துண்டாக உடைகிறது என்று பந்தயம். உன் சிநேகிதிகள் ரிச்சாவும் பூனமும் நீயும் ஒரே சைக்கிளில் ஏறி நர்மதைக் கரைக்குப் போவீர்கள். லைப்ரரிப் படிக்கட்டில் வெயில் தாழும் வரை உட்கார்ந்து ஐஸைச் சுரண்டிச் சாறு ஊற்றித் தருவதை வாங்கி உறிஞ்சுவீர்கள், பூனத்தின் உதடு மட்டும் ராத்திரி வரைக்கும் சிவப்பாகவே இருக்கும். லீவுக்கு வராமல் ட்ரெயினிங் என்று அங்கேயே இருந்துவிட்டாயே என்று எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். பூக்காரி, பால்காரர், எதிர்வீட்டு நாகமணி ஒருத்தரையும் விடாமல் உன் மண் குவளைக் கதையைச் சொன்னேன். நாகமணிக்கு என்னைப் பார்த்தாலே இப்போது கதவைச் சாத்தத் தோன்றுகிறதாம். ஒரு நாள் அகல் விளக்கில் டீயை ஊற்றிக் குடித்துப் பார்த்து அப்பாவிடம் பேச்சும் வாங்கினேன்.

இனி ஆவக்காய்க்கு வருகிறேன். நானும் பெரியம்மாவும் சேர்ந்து கலக்குவது உனக்குத் தெரியும். கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, எண்ணெய் என் கை, உப்பு அவள் கை, உன் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான். இந்தத் தடவை கலக்குகிற நேரத்தில் நாகமணியின் மருமகன் கிஷோர் வந்து நின்றார். ரயில்வே வேலையாக ஜபல்பூர் பக்கம் போகிறேன், பாப்பாவுக்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுங்கள், சாயங்காலம் வண்டி என்றார். உடனே எனக்கு ஒரே அவசரம். உப்புச் சட்டி என் பக்கம் இருந்ததால் நான் போட்டுவிட்டேன் என்று பெரியம்மா நினைத்தாள், வழக்கம்போல் அவள் போட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் கிளறிப் பார்க்காமல் ஆவக்காய் வெளியே போகக் கூடாது என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள், அன்றைக்குக் கலந்த கையோடு உனக்கு ஒரு சின்ன ஜாடி நிரப்பித் துணி கட்டி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

எப்போதும் கலந்து முடித்ததும் அந்தப் பேசின் பாத்திரத்திலேயே சுடுசோறும் நெய்யும் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுப்பேன், முதல் உருண்டை உன் கையில்தான். காரம் காரம் என்று குதித்துக்கொண்டே இரண்டாவதற்குக் கை நீட்டுவாய். இந்த வருஷம் நீ இல்லாமல் எனக்குப் பிசைய மனசு வரவில்லை. பேசினைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஒரு வாய் பிசைந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் பெரிய ஜாடியைத் திறந்தால் மாங்காய்த் துண்டெல்லாம் போட்டது போட்டபடி வறண்டு கிடக்கிறது, சொட்டுச் சாறு விடவில்லை. நாக்கில் வைத்தேன், துளி உப்பு இல்லை. நானும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு நடந்த சண்டையை இங்கே எழுதவில்லை. வீட்டு ஜாடிக்கு உப்புப் போட்டுச் சரிசெய்தாகிவிட்டது. உனக்கு உடனே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நான்தான் வேண்டாம் என்று இருந்தேன். சின்ன வயசிலேயே பருப்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள் நீ. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், என்னம்மா இப்படிப் பண்ணிட்டே என்று திட்டுவாய், அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். ஆவக்காய் பிரமாதம்மா, ரிச்சாவும் பூனமும் பாதி ஜாடியைக் காலி பண்ணிட்டாளுங்க என்றாய். நான் ஓ என்று மட்டும் சொன்னேன். உன் அப்பாவிடம் சொன்னதற்கு அவர், அம்மா மனசு நோகக்கூடாதென்று சொல்லியிருப்பாள், வளர்ந்த பிள்ளை இல்லையா என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. அடுத்த வாரம் நான் ஒரு காரியம் பண்ணினேன், அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஏம்மா, ஆவக்காயில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டதோ என்று கேட்டேன். நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது.

“லேசா தூக்கல்தாம்மா. ஆனா தயிர் சாதத்துக்கு அதான் நல்லா இருக்கு.”

மெஸ்ஸில் மணி அடித்துவிட்டது என்று நீ வைத்துவிட்டாய். பெற்ற பெண்ணுக்கு வலை விரித்துப் பிடித்த மாதிரி இருந்தது. நீ அந்த ஜாடியின் துணியைக்கூட அவிழ்க்கவில்லை ஸ்ரவந்தி. அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஆவக்காய் பொய் என்றால் மண் குவளை நிஜமா, சைக்கிள் நிஜமா, பூனத்தின் சிவந்த உதடு நிஜமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கிஷோர் ஊருக்கு வந்தார். நான் பிடித்து உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஜாடியைக் கொடுத்த அன்றைக்கு நீ எப்படி இருந்தாய் என்று கேட்டேன். பாவம், அவர் ஏதோ தமாஷ் என்றுதான் சொன்னார். “உங்க பொண்ணு என்னங்க அத்தை, அனல் அடிக்கிற வெயில்ல சால்வையைப் போத்திக்கிட்டு கீழ வருது” என்று சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஹாஸ்டலே வெறிச்சோடிக் கிடக்கிறது, மெஸ் பூட்டி ஒரு மாசம் ஆகிறதாம், இந்த ஒரு பெண் மட்டும் ஊருக்குப் போகாமல் மேலே இருக்கிறாள் என்று வாட்ச்மேன் சொன்னார் என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார். மெஸ் பூட்டியிருந்தால் உனக்கு யாரம்மா மணி அடித்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் அங்கே. யாரோடு பேசுகிறாய்.

எனக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் வெடித்துவிடும். பரீட்சையில் ஏதாவது ஆயிற்றா. உடம்பு சரியில்லையா. யாராவது மனசு நோகும்படி நடந்துகொண்டார்களா. யாரையாவது மனசில் வைத்துக்கொண்டு அழுகிறாயா. சங்கராந்திக்கு வந்தபோது பகலெல்லாம் படுத்துத் தூங்கினாய், பிரயாணக் களைப்பு என்று நான்தான் எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். முதல் வருஷம் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் ரூமில் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கு நானும் உன்னோடு சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமாக உனக்கு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. இப்படி ஒரு பயம் எனக்கு உன்னைப் பெற்ற பிரசவத்தின்போதுகூட இல்லை.

ஆனால் ஒன்று புரிகிறது. அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மாவிடம் சொல்ல என்ன சந்தோஷம் இருக்கிறது என்று தேடித் தேடி எடுத்து வைத்திருக்கிறாய். அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறாளே என்று இன்னும் இரண்டு சேர்த்திருக்கிறாய். அந்த வேலையை இன்றோடு விட்டுவிடு. டீ குடிக்கவில்லை என்றால் குடிக்கவில்லை என்று சொல். அழுகை வந்தால் போனில் அழு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நீ வேண்டும், உன் கதை இல்லாமல் நான் இருந்துகொள்வேன். நாகமணியும் நிம்மதியாகக் கதவைத் திறந்து வைப்பாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மத்தியானம் கழித்துத் திரும்பி வந்து ரயில் டிக்கெட்டை என் மடியில் வைத்தார். வியாழக்கிழமை கிஷோர் திரும்பிப் போகிற வண்டியிலேயே எனக்கும் இடம் போட்டிருக்கிறார், அப்பாவுக்கு ரைஸ் மில்லில் லீவு கிடைத்ததும் பின்னால் வருகிறாராம். திருப்பதிக்கு மேல் ரயிலேறாதவளை இந்தி பேசுகிற ஊருக்கு நீங்கள் கூட இல்லாமல் அனுப்புகிறீர்களே, படிப்பு விஷயமாக ஏதாவது இருந்தால் எனக்கு என்ன தெரியும் என்றேன்.

“படிப்பு போனா வேற படிப்பு இருக்கு. அவள விட்டா நமக்கு வேற யாரு இருக்கா, போய்க் கூட்டிட்டு வா” என்றார். சொல்லிவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

இந்தக் காகிதம் நான் வருவதற்கு ஒரு நாளாவது முன்னால் உன்னிடம் வந்து சேரும் என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள். படித்ததும் வரவேண்டாம் என்று சொல்லப் போன் பண்ணுவாய். பண்ணு, உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் வண்டியை விட்டு இறங்கமாட்டேன். நான் வருகிறேன் என்று அறையைப் பெருக்காதே, தலையை வாரிக்கொண்டு பளிச்சென்று நிற்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு. வந்த பிறகு நீ என்னோடு கிளம்புவாயோ, அங்கேயே இருந்து படிப்பை முடிப்பாயோ, அது உன் இஷ்டம், அப்பாவும் அதையே சொன்னார். எதுவானாலும் சோறு தின்றுவிட்டுப் பேசலாம்.

சுவாமி உன்னை நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வைத்திருக்கட்டும். பெரியம்மா உனக்கு நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொன்னாள், உப்பு விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், அவளுடையது இல்லை என்றும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

ஒன்றை மறக்காதே. அந்த ஜாடியை மட்டும் திறக்காதே. உப்பில்லாமல் இத்தனை நாள் கிடந்தது, பூசணம் பூத்து நாறிப்போயிருக்கும். கழுவவும் வேண்டாம், அப்படியே ஒரு மூலையில் வை, நான் வந்து கழுவிக்கொள்கிறேன். வீட்டு ஜாடியிலிருந்து சரியாக உப்புப் பிடித்ததை எடுத்துக் கட்டிவிட்டேன், பேசினையும் பையில் வைத்திருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு இதை ஏன் சுமக்கிறாய், அங்கே தட்டு கிடைக்காதா என்றார். இந்த வருஷத்து முதல் உருண்டையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்னமாணிக்யம்