கேட்காதவனுக்கு வைத்த வேகம்

ஹட்டன் கம்ப்யூட்டர் கடையில் உங்களோடு வேலை பார்த்த முஸ்லிம் அண்ணன், நாம் நானா என்று கூப்பிடுவோமே, அவர் இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரை நம் லயத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். போட்டுப் பார்த்ததும் தூசி சூடாகிற வாசனை வந்தது. சாயங்காலம் உங்கள் சட்டையில் இருக்குமே, அது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்று கொழுந்தெடுக்கப் போனவள். ஆனாலும் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு நீங்கள் செய்துகொடுத்த நோயாளி அட்டை மென்பொருள் எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலரில் வேகத்துக்கென்று ஒரு செட்டிங் உண்டு. முதல் தடவை அதை உங்கள் புது மெஷினுக்கு ஏற்றபடி வைத்து, எல்லா டிஸ்பென்சரிக்கும் அதையே கொடுத்தீர்கள். "பறக்குது புள்ள!" என்றீர்கள்.

தோட்டத்தின் மேல் டிவிஷன் டிஸ்பென்சரியில் இருந்தது பழைய மெஷின். அதில் உங்கள் மென்பொருள் திறந்த உடனே மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் பக்கத்து லயத்து மாரியாயியைக் காய்ச்சலோடு அங்கே தூக்கிப்போனார்கள். அவளுக்கு எந்த ஊசி ஆகாது என்பது அந்த அட்டைக்குள்ளே இருந்தது. யாராலும் பார்க்க முடியவில்லை. ஊசி போட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை.

கருமாதி வீட்டிலிருந்து வந்து, "என் மெஷின்ல ஓடிச்சே" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வெரசா கொழுந்தெடுக்கிற என் கைய அளவா வச்சு எல்லாருகிட்டயும் அத்தன கிலோ கேட்டா, வயசானவ என்னா செய்வா? கங்காணிக்கும் ஒங்களுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

மறுநாளே அந்தச் செட்டிங்கை மாற்றினீர்கள். எந்தப் பழைய மெஷினும் தாங்குகிற மாதிரி, நடுத்தரமாக. "வேகம் வேணுங்கிறவன் தானா கூட்டிக்கட்டும். கேக்காதவனுக்கு இதுதான்" என்று நானாவிடம் சொன்னீர்கள், என்னிடம் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் சாய்ந்து கண்மூடுகிற வரைக்கும் என்னோடு சிரித்துப் பேசவேயில்லை.

இன்றைக்கு நானா கேட்டார். "தங்கச்சி, சரியான ஸ்லோன்னு எல்லாரும் ஏசுறாங்க. இப்ப எல்லா எடத்துலயும் புது மெஷின்தானாம். வேகத்த கூட்டிவுடவா? ஒங்கள கேக்காம தொடமாட்டேன்."

"எல்லா எடத்துலயும்னா, பாத்தீங்களா?"

"பாக்கல. சொன்னாங்க."

"அப்ப தொடாதீங்க நானா. அவரு வச்சதுதான் சரி."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். 'சரி' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் நானாவிடம்தான் சொன்னேன். நீங்கள் இருந்த வரைக்கும் உங்களிடம் சொல்லவில்லை.