பாதி முருகனும் ஃப்ரீபிஎஸ்டியும்

இன்று ஒரு பழைய கணினியைப் பிரித்தேன். உள்ளே சூடேறிய கரிசல் தூசியின் வாசம். உடனே நீ வந்துவிட்டாய், திட்டிக்கொண்டே. போய்ச் சேர்ந்து இத்தனை காலமாகியும் உனக்கு வாய் அடங்கவில்லை.

கோவில்பட்டியில் நாம் இருவரும் பழுது பார்க்கப் போன அந்த அச்சகம். தீப்பெட்டி லேபிள், காலண்டர் படம் எல்லாம் ஒரே கணினியில். ஆயுத பூஜைக்கு அதன் மூடியைக் கழற்றி உள்ளேயும் சந்தனம் பூசிவிட்டார்கள். ஈரம் காயுமுன் சுவிட்சைப் போட, போர்டு புகைந்தது. டிஸ்க்குகளும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டும் பிழைத்தன. வேறு கணினியில் மாட்டினால் விண்டோஸுக்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை. கார்டை அறிமுகப்படுத்தும் மென்பொருளான டிரைவர் இருந்த சிடி தொலைந்திருந்தது. கார்டு செய்த கம்பெனியோ கடையையே மூடிவிட்டது.

"படத்த எடுத்துக் குடுங்க. ஒங்கள்ல ஒருத்தருக்கு இங்கன வேலை" என்றார் முதலாளி. வேலை உனக்குத்தான் தேவை. கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற வேண்டும்.

பிறகு நீ எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னாய். "ஏசி ரூமு, தூசி ஆகாது. நீ வெளிய நில்லுடே" என்றார். என் காலிலும் அதே கரிசல் மண்தான். ஈரச் சந்தனம் உள்ளே போகலாம், நீ போகக்கூடாது.

நான் கிளம்பினேன். நீ சட்டையைப் பிடித்தாய். "ஏலே, வேலை எனக்குல்லா வேணும்? ஒன் ரோசத்த வாசல்ல வச்சிட்டு உள்ள போ."

நீ திறந்த ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்யணும் என்று கத்த, நான் கீபோர்டில் தட்டினேன்.

நான் லினக்ஸ் கட்சி, நீ ஃப்ரீபிஎஸ்டி கட்சி. இரண்டும் விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டுபவை, இலவசம். இரண்டிலும் அந்தக் கார்டுக்கு டிரைவரை முகம் தெரியாத யாரோ எழுதி வைத்திருந்தார்கள். முதலில் லினக்ஸ். கோப்புகள் வரிசையாகத் தெரிந்ததும் உன்னைப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கினேன். லேபிள்கள் வந்தன. பெரிய முருகன் காலண்டர் படம் பாதி வந்ததும் கணினி உறைந்தது. திரும்பப் போட்டாலும் அதே இடத்தில்.

"பாதி முருகன் போதுமாலே? வேலு யாரு குடுப்பா?" என்று ஜன்னலில் சிரித்தாய்.

உன் ஃப்ரீபிஎஸ்டி சிடியைப் போட்டேன். ஆமை வேகம், ஆனால் நிற்கவில்லை.

"வருதாலே?"

"வருது."

"முழுசாவா?"

"மயிலோட வருதுலே!"

முதலாளி ஓடிவந்து என் தோளைத் தட்டினார். "தம்பி, நாளைக்கே வந்துரு. இனிமே எத வச்சு ஓட்டணும்?"

"அவன்ட்ட கேளுங்க அண்ணாச்சி. எனக்கு இத நிறுத்தக்கூடத் தெரியாது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நீ கம்பியை விட்டாய். "ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி. வெளிய நின்னு சொல்ல முடியாது. உள்ள வந்து ஒக்காந்துதான் சொல்லணும்."

திரையில் முருகனைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "வா" என்றார், பல்லைக் கடித்தபடி. நீ நேராகப் போய் அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

இப்போதும் எங்கே பழுது பார்க்கக் கூப்பிட்டாலும், என்னோடு வருபவருக்கும் நாற்காலி போட்ட பிறகுதான் மூடியைக் கழற்றுகிறேன். திமிர் பிடித்தவன் என்கிறார்கள். அந்தத் திட்டில் உன் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன்.