விழுந்ததால் முறிந்ததென எழுதப்பட்ட எலும்பு குறித்து

அனுப்புநர்:
தையற்கலைஞர்,
எலும்புப் பிரிவு, கட்டில் 14 நோயாளியின் மனைவி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: நோய்க்குறிப்பில் உள்ள பிழையைத் திருத்தி, என் கணவரைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு உடனே மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கண்ணாடி பொருத்தும் தொழில் செய்யும் என் கணவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கேயே சிறுகுடலில் இருந்த புற்றுக்கட்டி அகற்றப்பட்டது. அது திரும்பாதிருக்க மூன்றாண்டுகள் மாத்திரை உட்கொண்டு, மருத்துவர் சொற்படியே நிறுத்தினார்.

2. ஏழு மாதங்களுக்கு முன் இடது இடுப்பில் வலி கண்டது. இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்குக் கால்சட்டை தைப்பவள் நான். இடது கால் மட்டும் தரையில் இழுபட்டதால் மடிப்பை அரை அங்குலம் ஏற்றினேன். மறுமாதம் மேலும் கால் அங்குலம். கால் குறுகி வருவதை இந்த அளவுகளுடன் கூறி, எலும்பைச் சோதிக்குமாறு வெளிநோயாளர் பிரிவில் வேண்டினேன். "வயித்துல வந்தது எலும்புக்கெல்லாம் போகாதும்மா. கண்ணாடி தூக்குறவருக்கு இடுப்பு வலிக்காம பல்லா வலிக்கும்?" என்று கேட்டுத் தைலம் எழுதித் தந்தார் பணி மருத்துவர். "கட்டிக்கு ரூல்ஸ் தெரியுமாம், வா போவோம்" என்றார் என் கணவர்.

3. சென்ற மாதம் இருபதாம் நாள் காலை, அவர் நின்றபடி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சடக்கென ஒலி கேட்டது. அதன் பின்னரே சரிந்தார். மூன்றடி தொலைவில் நின்று கண்டேன். நோய்க்குறிப்பிலோ, "கவனக்குறைவாக வழுக்கி விழுந்ததால் தொடையெலும்பு முறிவு" என்றுள்ளது. தரையில் துளி ஈரமும் இல்லை. அவர் விழுந்து எலும்பு முறியவில்லை, ஐயா. எலும்பு முறிந்தே அவர் விழுந்தார்.

4. முறிவுக்காகச் செய்த அறுவையில் எடுத்த எலும்புத் துணுக்கில் இருப்பது பழைய குடற்கட்டியே என ஆய்வகம் எழுத்தில் அறிவித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அகராதியை வைத்துக்கொண்டு அவ்வறிக்கையை மும்முறை படித்தேன், ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் புற்றுநோய்ப் பிரிவில், "விழுந்து அடிபட்ட கேஸ் எங்களுக்கு வராதும்மா" எனத் திருப்பிவிட்டனர். எலும்புப் பிரிவினரோ, "ரொம்ப அபூர்வம்" என்று வியந்து நிற்கின்றனர். வியப்பு மருந்தாகாது. அபூர்வமாக வரும் நோயும், வந்தவருக்கு முழுமையாகவே வருகிறது. பழைய மாத்திரை இன்றுவரை மீண்டும் தொடங்கப்படவில்லை.

5. ஆகவே "கவனக்குறைவாக" எனும் சொல்லை நீக்கி, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுதி, ஒரு வாரத்திற்குள் அவருக்குச் சிகிச்சை தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். திங்கள் காலை பத்து மணிக்குத் தங்கள் அறை வாயில் பெஞ்சில் இருப்பேன். தாங்கள் வரத் தாமதமானாலும் பாதகமில்லை, கையில் தையல் இருக்கிறது. அவருடைய கால்சட்டைதான். இம்முறை இரு கால்களையும் ஒரே அளவாகவே வெட்டியிருக்கிறேன்.

இடம்: கட்டில் 14 அருகில்
நாள்: மார்ச் 14

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் மனைவி

இணைப்பு: ஆய்வக அறிக்கை நகல், ஏழு மாத அளவுக்குறிப்பு.