சுவர் அலுமாரி கேட்ட மச்சாளுக்கு

அன்புள்ள மச்சாள்,

குண்டு அதிர்வில் வெடிப்பு விழுந்து, இவ்வளவு நாளும் சாக்குக் கட்டி மறைத்திருந்த நடு அறைச் சுவரை இன்று காலை மேசன் இடித்துவிட்டுப் போனார். வீடெல்லாம் நீர்த்த சுண்ணாம்பின் மணம். இடித்த இடத்தில் குழி விட்டுக் கட்டினால் சுவர் அலுமாரி வைக்கலாம், இல்லையென்றால் மூடிப் பூசிவிட்டு முன்போல நிற்கிற அலுமாரி செய்துகொள்ளுங்கள், நாளைக்குச் சொல்லுங்கள் என்றார். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்த்தார். நீங்கள் காய்ச்சலில் கண்மூடி நாலு மாதமாகிறது. ஆனாலும் இதை உங்களிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

போன முறை இதே கேள்வியில் நாம் இருவரும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம். சிங்கப்பூர் எதிரி கையில் விழுந்துவிட்டது என்று கடைத்தெருவில் கேட்ட நாளிலிருந்து, அடுத்தது நம் துறைமுகம்தான் என்று பயந்துகிடந்தேன். கூறைச்சேலை வைக்க அலுமாரி செய்வதென்றால் அது வண்டியில் ஏற்றக்கூடியதாக இருக்கவேண்டும், ஒரு சத்தம் கேட்டால் திரியாயிலுள்ள அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அதை வெளியில் சொல்லாமல், சுவரில் வைத்தால் மாரியில் ஈரம் ஊறும், கறையான் ஏறும் என்று சொன்னேன். நீங்கள் விட்டால்தானே! நிற்கிற அலுமாரி பாதி அறையைத் தின்னும், அதற்குப் பின்னால் கரப்பான் குடித்தனம் நடத்தும் என்றீர்கள்.

"கால் வைச்ச சாமான் ஓடத்தான் பாக்கும். உமக்கும் அதுதானே வேணும்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தச்சரிடமும் சொல்லிவைத்தீர்கள். எனக்கு மானம் போனது. கடைசியில் உங்கள் தம்பி அக்காவை விட்டுப் பெண்சாதி பக்கம் நின்றார். முதிரை மரத்தில் சட்டமும் கதவும், பின்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பலகை. அதைத் தட்டிப் பார்த்து, முன்னுக்குப் பட்டு, பின்னுக்குக் கந்தல் என்று முகம் சுளித்தீர்கள்.

அபாயச் சங்கு ஊதிய அந்தக் காலையில் உங்கள் தம்பி துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். முற்றத்துப் பதுங்குகுழிக்கு வரச்சொல்லி நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். முற்றமோ வெட்டவெளி. என் கால் வாசலைத் தாண்டவில்லை. உங்கள் கையை உதறிவிட்டு ஓடி, அலுமாரிக்குள் ஏறிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. குண்டு விழுந்தது. வீடு துள்ளியது. அலுமாரி முகங்குப்புறச் சரிந்தது. கதவுகள் அடியில், அவற்றின்மேல் நான். தள்ளுவதற்கு ஒரு பக்கமும் இல்லை. உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்றே நினைத்துக் கத்தினேன்.

நீங்கள் ஓடிவந்து தூக்கிப் பார்த்தீர்கள், அலுமாரி அசையவில்லை. கொல்லையில் கோடாலி இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்றீர்கள்.

"என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ, மச்சாள்."

போயிருந்தால் அப்படியே குழிக்குள் இறங்கியிருக்கலாம், ஒருவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் பின்பலகையின்மேல் குப்புறப் படுத்து, அதில் வாயை வைத்து, "நான் இஞ்சதான் கிடக்கிறன். போகேல்ல" என்றீர்கள். விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கூரை ஓடு உங்கள்மேல் கொட்டியது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஓம் என்றீர்கள். சத்தம் அடங்கியபின்தான் கோடாலிக்குப் போனீர்கள். மெல்லிய பலகை இரண்டு கொத்தில் பிளந்தது. வெளியே எண்ணெய் எரிந்த புகையில் பகலே இருண்டு கிடந்தது.

மேசனிடம் சுவர் அலுமாரி என்றே சொல்லப்போகிறேன். ஓட நினைத்தது போதும். பயம் போய்விட்டது என்று எண்ணவேண்டாம். இன்றைக்கும் விமானச் சத்தம் கேட்டால், அது எவருடையது என்று தெரியும்வரை எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அன்று பின்னேரம் என் தலைமயிரில் சிக்கிய சிராய்களை எடுத்துக்கொண்டே மெல்லக் கேட்டீர்கள்.

"நான் நடுங்கினது உமக்கு உள்ளுக்குக் கேட்டதோ?"

இல்லை என்றேன். உங்கள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதையை நாம் எடுக்கவேயில்லை.

நான் சொன்னது பொய், மச்சாள். கேட்டது. உங்கள் பற்கள் அடித்துக்கொண்டது பலகை வழியாக என் முதுகுவரைக்கும் வந்தது. என்னைவிடப் பயந்த ஒருத்தி என்னை விட்டுப் போகாமல் கிடக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் நான் கத்துவதை நிறுத்தினேன்.