லிங்கத்தில் உடைந்த எழுத்து

பழைய மோட்டாரைப் போடலாமென்று நேற்று நசரத்பேட்டை இரும்புக் கடைக்குப் போனோம். வெயிலில் காய்ந்த கிரீஸ் வாசனை. சட்டென்று நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைக் காட்டி நம் பெரியவன், "பொக்லைன்மா" என்றான். இவனுக்கு மண் தோண்டுவதெல்லாம் பொக்லைன். நீங்கள் இரும்புக் கயிற்றில் இழுத்து மண் அள்ளிய மாதிரி வண்டியை அப்படிச் சொன்னால் நீங்கள் இரண்டு நாள் பேச மாட்டீர்கள்.

அம்பத்தூரில் கம்பெனிகள் கட்ட மேடு வெட்டிய காலம். நாற்று நட்டது போதுமென்று பாரிவாக்கத்திலிருந்து மண் சுமக்கப் போன பெண்களில் நானும் ஒருத்தி. உங்கள் வண்டி வந்ததும் எங்கள் கூடைக்கு வேலை போய்விடுமென்று ஒருத்தியும் உங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. வண்டியின் முதுகில் இரும்பிலேயே வார்த்த இங்கிலீஷ் எழுத்துகள். மேஸ்திரி எழுத்துக்கூட்டி 'லிங்கம்' என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே விபூதிப் பட்டை போட்டாயிற்று. நீங்களும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவீர்கள்.

மண் அள்ளும் மூக்கு ஒரு பக்கம் திரும்பினால் முதுகு மறுபக்கம் வீசும், அந்த நிழலுக்குப் போகாதீர்கள் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி உங்களுக்கு வாய் வலித்திருக்கும். எனக்கு யார் சொல்லி என்ன ஏறியது? சும்மாட்டைச் சரிசெய்ய அங்கேதான் போய் நின்றேன். எப்படித்தான் பார்த்தீர்களோ, வந்த வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினீர்கள். முதுகு போய்க் கருங்கல் குவியலில் மோதியது. இறங்கி வந்து, "சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலியாமே ஒனக்கு?" என்று கத்தினீர்கள். கை மட்டும் கவிழ்ந்து கிடந்த என் கூடையை எடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

லிங்கத்தில் எழுத்து உடைந்துவிட்டதே என்று மேஸ்திரி புலம்பியபோது, "எழுத்துதானே, போனாப் போவுது" என்றீர்கள். பிறகு பெரியவனுக்கு அந்தப் பெயரையே வைத்தோம். சாமி பெயர் என்று உங்கள் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அது வண்டியின் பெயர் என்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மாதிரி வண்டிகள் அப்போது எத்தனையோ ஓடின. இது நம்முடையதுதானா? நேற்று முந்தானையால் துருவைத் துடைத்தேன். மகன் விரல் வைத்துப் படித்தான். "லிங்கம் இல்லமா, 'லிங்கன்'னு போட்டுகீது. இங்கிலாந்துல ஒரு ஊரு, அங்க செஞ்சது. நடுவுல 'சி' எழுத்து ஒடைஞ்சிகீது."

ஊர்ப் பெயருக்கா பட்டை போட்டோம், ஊர்ப் பெயரையா பிள்ளைக்கு வைத்தோம் என்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே என்று அழுகையும் வந்தது. என்னம்மா என்று பயந்துபோய்க் கேட்டான். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு, "எனக்குப் பதிலா ஒடைஞ்சதுடா இது" என்றேன்.

நாளைக்கு வெட்டிவிடுவார்களாம். கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றால்கூட இன்றுவரை எந்த வண்டியின் பின்பக்கமும் நான் போவதில்லை. நேற்று மட்டும் லிங்கத்தின் முதுகில் சாய்ந்து நின்றேன். நீங்கள் வந்து கத்துவீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.