நிறம் பார்த்து அடுக்கிய கற்கள்

குவெயில் ஊற்று ஆய்வு முகாம்,
நெவாடா.
மார்ச் 14, வியாழன்

அன்புள்ள டெல்பர்ட்,

நான் இங்கே நலம். நீயும் ஜோசியும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் பள்ளிக்குப் போகும்போது கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொள்கிறாளா, இல்லை முடி கலையும் என்று பைக்குள் திணித்துக்கொள்கிறாளா? டொலீடோவில் இன்னும் பனி விடவில்லை என்று எழுதியிருந்தாய். சமையலறைக் குழாய் உறைந்துபோன கதை இரண்டு பக்கம், உன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. பேசாமல் அந்தக் குழாயையே எனக்குக் கடிதம் போடச் சொல்லியிருக்கலாம்.

குன்றின் மேல் ஏறினால் போன் கிடைக்கும். வேண்டுமென்றேதான் ஏறவில்லை. இதைப் போனில் ஆரம்பித்தால் நீ "சரி விடு, சாப்பிட்டியா?" என்பாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மெனுவை ஒப்பிப்பேன். அதனால் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுசாகப் படி.

இங்கே வந்திருக்கும் ஓவிய மாணவர்கள் பதினோரு பேர். பத்துப் பேருக்கு இருபது வயசு, எனக்கு நாற்பத்தாறு. என் கூடாரத்தில் இருக்கும் டான்சி முதல் நாளே, "நமக்கு வார்டன் வேற அனுப்பியிருக்காங்கப்பா" என்று கத்தினாள். மறுநாள் காலில் கொப்புளம் வந்ததும், "லோர்னா, பிளாஸ்திரி இருக்கா? ஊசி இருக்கா? உன் பையில இல்லாதது ஏதாவது இருக்கா?" என்று வந்து நின்றவளும் அவள்தான். வாயாடி, ஆனால் நல்ல பெண்.

இங்கே ஒரு வழக்கம். காலையில் நாங்கள் விஞ்ஞானிகளுக்குச் சாமான் சுமக்க வேண்டும். மாலையில் அவர்கள் எங்களோடு உட்கார்ந்து படம் வரைய வேண்டும். ரமோனா என்று ஒரு பெண், மண்ணையும் கல்லையும் ஆராய்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். பல்லி வரைந்தாள். பழைய பூட்ஸ் மாதிரி வந்தது. "நீ கல்லையே வரை, அதாவது அசையாம இருக்கும்" என்றாள் டான்சி. "அசையாதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று ரமோனா விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆசிரியர் ஹால்ஸ்ட்ரோம் ஒரு பயிற்சி கொடுத்தார். பென்சிலைத் தொடக் கூடாது, மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது முகாமுக்குப் பின்னால் ஒரு சரிவு. இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்த கை இது, சும்மா இருக்குமா? அரை மணி நேரத்தில் கற்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பால் வெள்ளை ஒரு பக்கம், பிறகு டீ நிறம், செங்கல் நிறம், கடைசியில் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. வெயில் சாய்ந்தபோது எழுந்து நின்று பார்த்தேன். ஐயோ டெல், அவ்வளவு அழகு! சரிவு முழுக்க நிறம் மெதுவாக இருட்டிக்கொண்டே போனது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆசிரியர் படம் எடுத்தார். கல்லூரிக் கண்காட்சியில் வாசலிலேயே இதை வைப்பேன் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு யாரும் இதுவரை கைதட்டியதில்லை, உனக்கே தெரியும். அன்று ராத்திரி முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அன்றைக்கு ரமோனா தண்ணீர் பீப்பாய் நிரப்ப ஊருக்குப் போயிருந்தாள். மறுநாள் காலைச் சாப்பாட்டில் உற்சாகமாகச் சொன்னாள், இன்றைக்கு முகாமுக்குப் பின்னால் இருக்கும் தன் சரிவை அளக்கப் போகிறாளாம். இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். மழையும் உறைபனியும் ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கின்றன என்று வருடா வருடம் மார்ச்சில் அளக்கிறாள். ஒரு கல் வருடத்துக்கு நகக்கண் அளவு நகருமாம். சுற்றுலாக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போகாமல் இருக்க நம்பரை அடிப்பக்கம் எழுதி வைத்திருக்கிறாளாம். பதினோரு வருட வேலை.

கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். டான்சி என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "வாயத் திறக்காத. பழியக் காட்டுக் கழுதைங்க மேல போட்டுடலாம்" என்றாள். "எந்தக் கழுதைடி நிறம் பார்த்து அடுக்கும்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கு அழுகை வந்தது. நேராக ரமோனாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் சரிவுக்கு வந்து இரண்டு மூன்று கற்களைப் புரட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. "உங்ககிட்ட யாரும் சொல்லலையே. வேலி போடாதது என் தப்பு. தெரியாம நடந்துடுச்சு" என்றாள். பிறகு, "நம்பரைப் பாத்திருக்க மாட்டீங்க, இல்ல?" என்று கேட்டாள்.

"இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் படம் வாசலில் தொங்கியிருக்கும்.

பார்த்தேன் என்று சொன்னேன். நாலாவது கல்லைப் புரட்டும்போதே பார்த்தேன், வெள்ளைப் பெயின்ட்டில் முப்பத்தொன்று. யாரோ எதற்கோ எழுதியிருக்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தது. கேட்டால் நிறுத்தச் சொல்வார்கள். நிறம் அவ்வளவு நன்றாகக் கூடி வந்துகொண்டிருந்தது, டெல். கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். இதை அப்படியே அவளிடம் சொன்னேன். ரமோனாவின் முகம் மாறியது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. படத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்று நானே ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை அவளே இரண்டு கோப்பை காபியோடு வந்தாள். "எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா கல்லைத் திருப்பி வைக்க ஆள் வேணும்" என்றாள். போன வருட இடங்கள் நோட்டில் இருக்கின்றன. ஆனால் கையால் நகர்த்திய கல் பழைய கணக்கில் சேராதாம், அதனால் எல்லாவற்றையும் அங்கங்கே வைத்து, முதல் வருடத்திலிருந்து மறுபடி தொடங்கப் போகிறாள். மற்றவர்கள் 22ஆம் தேதி கிளம்புகிறார்கள். நான் ஒரு வாரம் கூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் எழுதுவாள், அளவு நாடாவைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். இப்போதைக்கு நான் ஒருத்திதான்.

கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் ஒருத்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியில் ஒட்ட டேப் தேடிச் சமையலறை டிராயரைத் திறந்தேன். பேட்டரிகளுக்கு அடியில் ஒரு தாள். வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறோம், லாக்கரைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவும் என்று உன் கண்ணாடித் தொழிற்சாலை உனக்கு எழுதியிருந்தது. மூன்று வாரம் பழைய தேதி. மறுநாள் நீ வேலைக்குப் போகிற பூட்ஸும் சாப்பாட்டு டப்பாவுமாக என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, "அப்படியே ஷிஃப்டுக்குப் போயிடறேன்" என்றாய். நானும் "பார்த்துப் போ" என்றேன்.

நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க முடியாது. அதனால் டிராயரை மூடினேன். நான் போக வேண்டும் என்று நீ மறைத்தாய். நான் போக வேண்டும் என்று நானும் மறைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு.

இத்தனை நாள் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்திருந்தாய், கண்ணே? இந்தக் குளிரில்?

ஆசிரியர் இப்போது ஊருக்குப் போகிறார், இதை விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவார். ஜோசியை உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பு. மூன்று நாள் ஓட்டினால் வந்துவிடலாம், தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்கிவிட்டு வா. கடவுள் உன்னோடு கூட வரட்டும். 23ஆம் தேதி காலை நாடாவின் அந்த முனையை நீ பிடிக்க வேண்டும்.

லீவு கிடைக்காது என்று மட்டும் பதில் எழுதாதே.

என்றும் உன்,
லோர்னா